சீட்டெடுக்கும் முகம்

முதலில் கண்ணில் வந்து நிற்பது அந்த வெள்ளைக் கவுன்தான். பழவேற்காட்டு ஏரிக்கரையில், எங்கள் குப்பத்தில், சின்னம்மா வீட்டுப் பின்புறம் இரண்டு பூவரசுகளுக்கு நடுவே கட்டிய நைலான் கயிற்றில், சித்தப்பாவின் லுங்கிக்கும் காயப்போட்ட வலைக்கும் இடையில் அது தொங்கிக்கொண்டிருக்கும். காற்றில்லாதபோது வெறும் துணி. ஏரிக்காற்று கிளம்பியதும் அதற்கு வயிறு வரும், கை வரும். சின்னப் பெண் ஒருத்தி உள்ளே புகுந்துகொண்டு, தலையை மட்டும் எங்கேயோ மறந்துவைத்துவிட்டு வந்ததுபோல ஆடும். பசியாவரத்திலிருந்து படகில் வந்து இறங்குகிறவர்கள் பார்த்துத் திடுக்கிடுவார்கள், பிறகு விவரம் நினைவு வந்து சிரிப்பார்கள். "இன்னா, உம் பேய் காயுதா?" என்று யாராவது குரல் கொடுத்தால், "ஈரப் பேய் ஆரைப் புடிக்கும்? சளிதான் புடிக்கும்" என்று அடுப்பங்கரையிலிருந்தே சின்னம்மாவின் பதில் வரும்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. ஏரி மீனும் இறாலும் எடுத்துப் பொன்னேரி மார்க்கெட்டில் விற்றுவிட்டு, கூடை காலியானால் அப்படியே மதிய ஆட்டத்துக்குப் போய்விட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்து வீடு வருகிறவள். அவள் பார்க்காத படம் பொன்னேரிக்கு வந்ததில்லை. மீன் வாடையோடு உட்கார்ந்திருப்பதால் இரண்டு பக்கமும் இரண்டு சீட்டு காலியாக இருக்குமாம்; அதை அவள் குறையாகச் சொன்னதில்லை, ராணிக்குக் கிடைக்கும் மரியாதைபோலச் சொல்லுவாள். அப்படிப்பட்டவளுடைய ஒன்பது வயது மகள், என் சின்னத் தங்கச்சி, ஒரு சினிமாவில் பேய்க் குழந்தையாக நடித்தாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. படத்துக்குப் பெயர் உண்டு; எங்கள் குப்பத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. 'நம்ம புள்ள படம்' என்றால் போதும்.

அந்தப் படத்தின் இயக்குநர் ஒல்லியான ஆள், முதல் படம், எதைச் சொன்னாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொல்லுவார். பழவேற்காட்டு டச்சுக் கல்லறையின் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைக் கேள்விப்பட்டுத்தான் வந்தாராம். வந்து பார்த்தால், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் எலும்புக்கூட்டின்மேல் பையை மாட்டிவிட்டுக் கோலி ஆடிக்கொண்டிருந்தார்கள். பயம் இங்கே இல்லை என்று புரிந்து ஏரிப் பக்கம் நடந்தார். நடந்த அன்று எங்கள் குப்பத்தில் சீட்டெடுப்பு.

சீட்டெடுப்பைச் சொல்லாமல் இதில் ஒன்றையும் சொல்ல முடியாது. ஏரி எல்லோருக்கும் பொது. ஆனால் இறால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வராது. முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில் குவியும், ஓரத்தில் தூவினதுபோல வரும். அதனால் ஏரியில் வலை போடும் இடங்களைப் பிரித்து, யார் எந்த நாள் எந்த இடத்தில் போடுவது என்று முறை வைத்திருக்கிறார்கள். பாடு என்பார்கள் அதை. இன்றைக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடு. அடுத்தவர் பாட்டில் வலை இறக்குவதைவிடக் கேவலமான காரியம் எங்கள் ஊரில் கிடையாது. பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்க மாட்டார்கள். முறையில் யார் முதல், யார் கடைசி என்பதை வருஷத்துக்கு ஒருநாள் அம்மன் கோயில் வாசலில் குடத்துக்குள் சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். எங்கள் குப்பத்தில் சீட்டை எடுப்பது ஒரு பெண் குழந்தை. ஒரு காலத்தில் எவளோ ஒருத்தி சீட்டெடுக்கும்போது தன் மாமனைப் பார்த்துச் சிரித்துவிட்டாளாம். அரைநாள் சண்டை, மறுபடி முதலிலிருந்து எடுப்பு. அன்றிலிருந்து கட்டுப்பாடு: எடுக்கிற பிள்ளை யாரையும் பார்க்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. கண்ணைத் திறந்து நேரே ஏரியைப் பார்க்கவேண்டும். சிரித்தால் ஒருவனுக்கு ஆசை வரும், சுளித்தால் இன்னொருவனுக்குச் சந்தேகம் வரும். நாற்பது குடும்பங்களின் ஒரு வருஷத்துச் சோறு அந்தச் சின்னக் கையில். முகத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது.

தங்கச்சியைப்போல அதைச் செய்தவள் இல்லை என்பார்கள். வீட்டில் ஒரு நிமிஷம் ஓயாத வாயாடி. குடத்துக்கு முன்னால் போய் நின்றால் காற்றுப் படாத நீர்போல ஆகிவிடுவாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்று அந்த முகத்தைப் பார்த்த இயக்குநர் கண்ணாடியைத் துடைக்கவும் மறந்துவிட்டார். "அந்த ஆளு எம் பொண்ணப் பாத்த பார்வைல, பேய் நம்ம வூட்டுக்குதான் வரப்போதுனு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்று சின்னம்மா பின்னாளில் சொல்லுவாள்.

கதை இதுதான். ஏரிக்கரை வீடு ஒன்றில் பட்டணத்துத் தம்பதி, அவர்கள் தத்தெடுத்த குழந்தை. குழந்தை பேசாது. மனசுக்குள் ஏதோ உடைந்துபோன பிள்ளை என்று டாக்டர் சொல்லுவார். வெள்ளைக் கவுன் போட்டுக் கரையில் நின்று அது யாரை உற்றுப் பார்க்கிறதோ, அந்த ஆள் மறுநாள் ஏரியில் மிதப்பார். முதலில் சாகிறவன் விடியற்காலையில் தனியாக வலை போடும் ஒரு மீசைக்காரன். அந்தக் காட்சிக்கு இயக்குநர் கலங்கரை விளக்கம் பின்னால் தெரிகிற மாதிரி இடம் பார்த்து, எங்கள் ஆட்களை அங்கே வலை இறக்கச் சொல்லியிருக்கிறார். ஒருத்தரும் அசையவில்லை. "இன்னிக்கு அது எங்க பாடு இல்லீங்க" என்றார்களாம். அவருக்குப் புரியவில்லை. பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, கோடம்பாக்கத்திலிருந்து ஒரு நடிகரை வரவழைத்து, ஒட்டுமீசை வைத்து, வலை போட வைத்தார். கரையில் நின்று பார்த்த எங்கள் ஆட்கள் தலையிலடித்துக்கொண்டார்கள்.

நான் அப்போது சென்னையில் ஒரு வாரப்பத்திரிகையில் இருந்தேன். சினிமா விமர்சனம் என் பக்கம். பன்னிரண்டு வயதில் விடுதிக்குப் போன நான், குப்பத்தை லீவு நாட்களில் மட்டும் பார்த்தவள். பேச்சில் மீன் வாடை வீசக் கூடாது என்று ஒவ்வொரு சொல்லையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்த வயது. பிரிவியூ தியேட்டரில் நாலு பத்திரிகைக்காரர்களோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். பக்கத்திலிருந்தவர் கொட்டாவி விட்டார். நானும் விட்டேன். ஒரு நாளிதழ், 'தியேட்டர் ஏ.சி. மட்டும்தான் நடுங்கவைக்கிறது' என்று எழுதியது. இன்னொன்று, 'குழந்தை ஏன் கொல்கிறது என்பதற்கு இயக்குநரிடம் பதில் இல்லை' என்றது. நான் என்ன எழுதினேன்? தங்கச்சி நடித்த படம் என்பது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. தூக்கி எழுதினால் நாளைக்கு எவராவது சொல்லிக்காட்டுவார் என்று பயந்து, தேவைக்கு மேலேயே ஒரு கல்லைக் கட்டி அமிழ்த்தினேன். 'பேயாக வரும் சிறுமியின் முகத்தில் உணர்ச்சி என்பது மருந்துக்கும் இல்லை. வெள்ளையடித்த சுவரைக் கூட்டிவந்து நிற்கவைத்தாற்போல இருக்கிறது.' எழுதி முடித்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. சொல்ல வெட்கந்தான்; இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன். தங்கச்சி கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு புருவத்தைத் தூக்கினாள். உதட்டைக் கடித்தாள். மூக்கை விடைத்தாள். கன்னத்தைக் குலுக்கிக் கண்ணீர் வரவழைக்கப் பார்த்தாள். பிறகு நான்கையும் சேர்த்துச் செய்தாள்.

"என்ன பண்றா?" என்றேன்.

"உணர்ச்சி" என்றாள் சின்னம்மா. "நீதான எழுதின, மருந்துக்கும் இல்லைனு. படிச்சதிலேந்து மருந்து அரைச்சிக்கினு கீறா. சோறு வச்சா அதுக்கு ஒரு மூஞ்சி, குளிக்கச் சொன்னா அதுக்கு ஒரு மூஞ்சி. நேத்து அவ நைனா கூப்புட்டதுக்கு ஒரு மூஞ்சி காட்டினா பாரு, அந்தாளு வவுத்துவலினு நெனச்சி ஓமத்தண்ணி குடுத்துட்டாரு."

நான் சிரித்துவிட்டேன். சின்னம்மா சிரிக்கவில்லை. "வர்ற வெள்ளிக்கெயம சீட்டெடுப்பு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விடுதிக்கும் பட்டணத்துக்கும் நடுவில் நான் தொலைத்துவிட்ட ஒன்றை அந்த இயக்குநர் ஒரே பார்வையில் பார்த்திருக்கிறார். என் தங்கச்சி திரையில் காட்டியது சீட்டெடுக்கும் முகம். குப்பத்தில் பிறந்த நான் அதைச் சுவர் என்று எழுதியிருக்கிறேன். அவள் அந்த முகத்தை இப்போது மறந்துகொண்டிருந்தாள். அது போதாதென்று, குப்பத்துத் தலைவர், நாட்டார் என்போம் அவரை, "பேயா நடிச்ச புள்ள கொடத்துல கை வுட்டா வலைல இன்னா ஏறும்?" என்று கேட்டிருக்கிறார். வேறு பிள்ளையைத் தேடப் பேச்சு நடக்கிறதாம். தங்கச்சிக்குச் சினிமா ஓடாமல் போனதில் துளி வருத்தமில்லை. குடம் போய்விடுமோ என்றுதான் ராத்திரியெல்லாம் விசும்பினாளாம். விசும்பிவிட்டு, இது நல்ல உணர்ச்சி என்று எழுந்து கண்ணாடியைப் பார்த்தாளாம்.

"படத்தப் பாக்காமயே பேசுறாங்க எல்லாரும்" என்று சின்னம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "இன்னிக்கு மதிய ஆட்டம் கீது. கிளம்பு."

இரண்டு ஷேர் வேன். நாட்டாரைச் சின்னம்மா கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஏற்றினாள். கவுனைத் தைத்த பழவேற்காட்டு டெய்லர் பாயும் ஏறிக்கொண்டார். பொன்னேரித் தியேட்டரில் நாங்கள் நுழையும்போது முன்வரிசையில் ஏழெட்டுப் பேர், கடைசி வரிசையில் தனியாக இயக்குநர். புதன்கிழமையோடு படத்தைத் தூக்கப்போகிறார்கள். தன் படத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட வந்திருந்தார். அவ்வளவு கூட்டம் ஒரேயடியாக உள்ளே வந்ததைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார், தவறான தியேட்டருக்கு வந்துவிட்டோமோ என்பதுபோல.

பேய் முதன்முதலில் கரையில் வந்து நின்றதும் பாய் கத்தினார்: "கை மடிப்பைப் பாருங்கம்மா, ஒரு சுருக்கம் கீதா!" சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு விடியற்காலைக் காட்சி. கலங்கரை விளக்கம், ஏரி, ஒட்டுமீசைக்காரன் கம்பை ஊன்றுகிறான், வலையை இறக்குகிறான். பிரிவியூ தியேட்டரில் நாங்கள் கொட்டாவி விட்ட இடம். இங்கே அரங்கம் முழுக்க ஒரே மூச்சாக நிமிர்ந்து உட்கார்ந்தது.

"டேய், அது ஆரு பாடு?" இருட்டுக்குள் ஒரு குரல்.

"வடக்குத் தெரு ஆளுங்க பாடுடா! இவன் எங்கேந்து வந்தான்?"

"திருட்டு வலை! திருட்டு வலை போடறான்!"

திரையில் தங்கச்சி. வெள்ளைக் கவுன், திறந்த கண், காற்றுப் படாத முகம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கச்சி என் கையை இறுக்கிக்கொண்டாள். அப்புறம் நாட்டார், எழுபது வயது நாட்டார், சீட்டிலிருந்து எழுந்தார். "சீட்டெடுக்கிற மூஞ்சிடா அது!" என்றார். "பாரு கண்ணு, நல்லா பாரு அவன! வுடாத!" மீசைக்காரன் தண்ணீருக்குள் போனதும் தியேட்டர் கைதட்டலில் அதிர்ந்தது. விசில். ஒருத்தி குலவையிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் படத்தில் எவர் செத்தாலும், அவர் என்ன முறைகேடு செய்தார் என்று எங்கள் ஆட்களே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். காரணம் இல்லாத கொலை ஒன்றுகூட மிச்சமில்லை. டாக்டர் சாகும்போதுதான் கொஞ்சம் கருத்து வேறுபாடு வந்தது.

வெளியே வந்ததும் இயக்குநர் சின்னம்மாவிடம் ஓடிவந்தார். கண்ணாடி கையில் இருந்தது. "அம்மா, ஜனங்க பயப்படணும்னு நான் எடுத்த சீன் அது. எல்லாரும் ஏன் கைதட்டினாங்க?"

"அடுத்தவன் பாட்டுல வலை போட்டான் இல்ல? தட்டாம இன்னா பண்ணுவாங்க?"

"பாடுன்னா?"

சின்னம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அது தெரியாமயா இம்மாம் ஷோக்கா எடுத்த?" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். வேனுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்தாள். இயக்குநரும் பின்னாலேயே வந்து, விவரம் கேட்டுக் கேட்டுச் சிரித்தார். இப்போது நினைத்தாலும் எனக்கு அந்தத் தெரு வெளிச்சமாகத்தான் வருகிறது. நான்கு மணி வெயில், வேர்க்கடலை வாசம், தன் படத்தின் கதையை ரசிகர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஒரு மனிதர்.

நாட்டார் வேனில் ஏறும்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "இந்த மூஞ்சிய வுட்டுட்டு வேற எந்த மூஞ்சியத் தேடறது? அவளே எடுக்கட்டும்." ஆனால் தங்கச்சி மாட்டேன் என்று தலையாட்டினாள். எல்லோரும் கைதட்டினது சரி, பேப்பரில் வேறு மாதிரி அல்லவா போட்டிருக்கிறது?

"நான் தப்பா எழுதிட்டேன்" என்றேன்.

"அப்போ உணர்ச்சி வாணாமா?"

"வேணாம்."

"பேப்பர்ல போடு. அப்பதான் நம்புவேன்." புருவத்தைத் தூக்கி, மூக்கை விடைத்துக்கொண்டு சொன்னாள்.

ஒரு படத்துக்கு இரண்டு விமர்சனம் போடும் வழக்கம் எங்கள் பத்திரிகையில் இல்லை. வாசகர் கடிதம் போடலாம். இதைச் சொன்னதும் சின்னம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "எழுது. உங்க பத்திரிகைல எழுதின அந்த அம்மாவுக்கு..."

"சின்னம்மா, அது நான்தான்."

"தெரியுது, எழுது. அந்த அம்மாவுக்குக் கண்ணு கீதா இல்ல பொட்டு வைக்கத்தான் மூஞ்சி கீதா?"

அப்படியே போகவில்லை, கொஞ்சம் தணித்தேன். படித்துக் காட்டியபோது, "நான் இப்டியா பேசுவேன்? கஞ்சி போட்ட புடவையாட்டம் கீது" என்று பாதியைத் திரும்பக் கசக்கினாள். கடைசியில் அச்சானது ஏழெட்டு வரி. அதில் ஒரு வரி எனக்கு இன்றும் மனப்பாடம்: 'தராசு முள்ளு சிரிச்சா அந்தக் கடையில மீன் வாங்குவீங்களா?' அடியில், ஒரு வாசகி, பழவேற்காடு. ஆசிரியர் படித்துவிட்டு, "யாரும்மா இந்த வாசகி, உன்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டியிருக்காங்க?" என்றார். "என் சின்னம்மா" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் மேஜைமேல் இருந்த டீ தளும்பியது. அந்த வாரமே போட்டார்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில், மை வாசம் போகாத பத்திரிகையோடு போய் இறங்கினேன். தங்கச்சி எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள். மடித்துத் தன் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்தாள். பிறகு, இயக்குநர் விட்டுப்போன வெள்ளைக் கவுனைத்தான் போடுவேன் என்றாள். கோயில் வாசலில் நாற்பது குடும்பத்து ஆண்கள், தள்ளி நாங்கள். குடத்துக்கு முன்னால் அவள் போய் நின்றாள். உதடு ஒருமுறை துடித்தது. இத்தனை நாளாக ஒட்டவைத்த அத்தனை பாவனையும் இப்போது அவிழ்ந்து கொட்டப்போகிறது என்று நினைத்தேன். அவள் ஏரியைப் பார்த்தாள். மெல்ல, சேறு அடியில் படிந்து நீர் தெளிகிற மாதிரி, முகம் தெளிந்தது. கை உள்ளே போனது. ஒரு சீட்டு. இன்னொன்று. யாருக்கு முதல், யாருக்குக் கடைசி, எதுவும் அந்த முகத்தில் இல்லை. சித்தப்பாவின் பெயர் கடைசியிலிருந்து இரண்டாவதாக வந்தது, அப்போதும் இல்லை. நாற்பதாவது சீட்டை எடுத்து நாட்டாரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். ஒரு புருவத்தைத் தூக்கி, உதட்டைக் கடித்து, மூக்கை விடைத்து, கன்னத்தைக் குலுக்கி, கற்றுவைத்திருந்த உணர்ச்சி அத்தனையையும் ஒரே அடியாக என்மேல் கொட்டினாள். கோயில் வாசல் குலுங்கிச் சிரித்தது. கடைசிச் சீட்டுக்காரனும் சிரித்தான்.

இப்போது அவள் பொன்னேரியில் டீச்சர். வகுப்பில் சத்தம் போட்டால் அவள் திட்டுவதில்லை. திரும்பி அந்த முகத்தால் பார்ப்பாள், அறுபது பிள்ளைகளும் அடங்கிவிடுவார்கள். அந்தப் படத்தை இன்றைய பிள்ளைகள் தோண்டியெடுத்துக் கொண்டாடுகிறார்கள். குழந்தையின் உணர்ச்சியற்ற முகம்தான் படத்தின் உயிர் என்று எழுதுகிறார்கள். போன மாதம் ஒரு யூடியூப் சேனல் பெண் என்னைக் கூப்பிட்டாள். அந்தக் காலத்து விமர்சனங்களையெல்லாம் திரட்டி வைத்திருக்கிறாளாம். என்னுடையதைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டப்போகிறாளாம், கோபித்துக்கொள்ளக் கூடாதாம். "அன்னைக்கே படத்தைப் புரிஞ்சுக்கிட்டது ஒரே ஒரு வாசகர் கடிதம்தான் மேடம். தராசு முள்ளுன்னு ஒருத்தர் எழுதியிருக்காங்க. அவங்க யாருன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

அழைத்துக்கொண்டு போனேன். சின்னம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் வலி, அதே வாய். கேமராவுக்காகப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, இறால் உரிப்பதை மட்டும் நிறுத்தாமல் உட்கார்ந்தாள்.

"அந்தக் குழந்தையோட மனசுல என்ன பிரச்சினைன்னு நீங்க நினைக்கிறீங்கம்மா?" என்று அந்தப் பெண் உருக்கமாகக் கேட்டாள்.

"அதுக்கு இன்னா பிரச்சினை? அது நல்லாத்தான் கீது. பிரச்சினை அந்த வலை போட்டவனுக்கு" என்றாள் சின்னம்மா.

பேட்டி முடிந்து பின்பக்கம் வந்தோம். பூவரசுகளில் ஒன்று புயலில் போய்விட்டது, அதன் இடத்தில் ஒரு சிமெண்டுக் கம்பம். கயிறும் புதிது. அதில் அந்த வெள்ளைக் கவுன், ஓரம் பிரித்து நீளம் விட்டது, நீலம் போட்டு அலசியது, சொட்டிக்கொண்டிருந்தது. காற்று கிளம்பிற்று. அதற்கு வயிறு வந்தது, கை வந்தது. யூடியூப் பெண் அப்படியே நின்றாள். ரோமம் குத்திட்ட தன் கையை என்னிடம் காட்டினாள். பிறகு கேமராவைத் தூக்கிக்கொண்டு, கவுனைக் கொஞ்சம் நிழல் பக்கம் நகர்த்தலாமா என்று கேட்டபடி கையை நீட்டினாள்.

வாசலில் தங்கச்சியின் எட்டு வயது மகள் தோழிகளோடு கத்திக் கத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். ஊரே கேட்கும் தொண்டை.

"அதத் தொடாத கண்ணு, ஈரம்" என்றாள் சின்னம்மா. "காயட்டும். நாளைக்குக் காலைல அவ சீட்டெடுக்கணும்."